புகை டெஸ்ட்டில் தோற்ற தபால் ஜீப்

என் அக்கா வெர்லீன் மாதிரி ஒரு பிடிவாதக்காரியை எங்கள் ஆயில்டேல் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ரோட்டில் ஈ காக்காய் இல்லாவிட்டாலும் ஸ்டாப் போர்டைக் கண்டால் நிறுத்துவாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஆரஞ்சுத் தோப்புப் பக்கம் சாலையோரப் பெட்டிகளில் தபால் போடுவது அவள் வேலை. அந்த ரூட் ஒன்றும் சும்மா கிடைத்ததல்ல. மற்றவர்கள் லீவு போடும் நாளில் மட்டும் கூப்பிடுகிற மாற்று ஆளாக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தாள். ஒரு கிழவர் ரிட்டயரான பிறகுதான் அவள் பேருக்கு வந்தது. வண்டி மட்டும் அவரவர் சொந்த வண்டி. எங்கள் ஊர் வண்டிகளுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். சாலையோரப் பெட்டிக்குக் கை எட்ட வேண்டுமே, அதற்காக வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஒரு பழைய ஜீப்பைத் தேடிப் பிடித்து வாங்கினாள்.

அந்த ஜீப்பைப் பற்றிப் பேசினாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். வெறும் கார்புரேட்டர் என்றால் ஸ்குரூடிரைவரால் திருகிச் சரிசெய்யலாம். புது வண்டி என்றால் மெஷினை மாட்டினால் நோய் இன்னதென்று அதுவே சொல்லிவிடும். இது ரெண்டுங்கெட்டான். கார்புரேட்டர் மேல் ஒரு கம்ப்யூட்டரைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு பக்கம் திருகினால் அது மறுபக்கம் திருகும். பானெட்டைத் திறந்தால் நூடுல்ஸைக் கொட்டி வைத்த மாதிரி ரப்பர் ஹோஸ்.

வாங்கின புதிதில் ஒவ்வொரு பெட்டியிலும் நின்று கிளம்பும்போது என்ஜின் இருமும், சில நேரம் அணைந்தே போகும். அணைந்தால் கல்லாகிவிடும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, அக்கா தோள் வலியோடு வீட்டுக்கு வந்து திட்டித் தீர்ப்பாள். அத்தான் டெல்மர் ஒரு நாள் ஏதோ டியூனிங் பண்ணினார். அதோடு அந்தத் தொல்லை போயிற்று. எண்ணெய்க் கிணறுகளில் பம்பு ரிப்பேர் பார்த்த கை அவருடையது. நாங்களும் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புகை டெஸ்ட். அதில் பாஸானால்தான் நம்பர் பிளேட்டுக்குப் புது ஸ்டிக்கர். அத்தான்தான் கொண்டுபோவார், பாஸாகி வரும். இந்த முறை "நீயே போயிட்டு வாம்மா" என்று டிவி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா போனாள். சக்கரங்களை உருளை மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். நைட்ரஜன் புகை எக்கச்சக்கம், ஃபெயில்.

தபாலாபீஸ் அதிகாரி, வேர்ட் என்று பேர், நல்ல மனுஷன்தான். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள பிளேட்டுல புது ஸ்டிக்கர் ஒட்டலன்னா ரூட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவேன் வெர்லீன். அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

எங்கள் தெருவில் இதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். டெஸ்ட் வந்தால் மாட்டுவார்கள், முடிந்தால் மறுபடி பெட்டிக்குள். அக்கா மட்டும் ஒப்ப மாட்டாள். "அரசாங்கத் தபால் ஏத்துற வண்டி. இதுல திருட்டு வேலை பண்ணினா கைய ஒடிப்பேன்" என்று அத்தானிடமே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வண்டிதான் தோற்று நிற்கிறது!

லீவு போட்டுவிட்டு, வேகிற வெயிலில், வாசலிலேயே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கே ஊட்டுகிற வால்வு ஒன்று உண்டு. என்ஜினின் உறிஞ்சல் ஒரு ஹோஸ் வழியே வந்து அதை இழுத்துத் திறக்கும். அது திறந்தால்தான் நைட்ரஜன் புகை அடங்கும். கைப்பம்பை மாட்டிக் காற்றை உறிஞ்சினால் சமர்த்தாகத் திறந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தால் அசையவே இல்லை.

"கம்ப்யூட்டர்தான் உத்தரவு குடுக்க மாட்டேங்குது" என்றாள்.

பழைய வண்டி உடைக்கிற கடையில் அலைந்து வேறு கம்ப்யூட்டர் வாங்கி மாட்டினாள். அசையவில்லை. புகைக்குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றினாள். அசையவில்லை. பக்கத்தில் நின்ற அத்தானோ உதவி என்கிற பேரில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், அரை இஞ்ச் ஸ்பேனர் கேட்டா குறடை நீட்டுற?"

"இதத்தான கேட்ட?"

"தலையெழுத்து! போய் எடுத்தாய்யா."

ஷெட்டுக்குப் போனவர் கையில் காபிக் கோப்பையோடு திரும்பி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிட்டயரான ஆம்பிளைக்கு வேலை செய்ய வலிக்கிறது, வேறென்ன? "அத்தான், நீங்க ஓரமா உக்காருங்க. அதுவே பெரிய புண்ணியம்" என்றேன்.

மாசம் முடியப்போகிற சமயம். அக்கா வயரிங் படத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போயிற்று.

"ஏன்க்கா, அந்த வால்வுக்கு உறிஞ்சல் வந்து சேருதான்னு பாத்தியா?"

"ஹோஸு நல்லாத்தான்டி இருக்கு. வெடிப்பு இல்ல, ரெண்டு முனையும் சரியா மாட்டியிருக்கு."

"மாட்டியிருந்தா ஆச்சா?" என்று அதைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பினதுதான் மிச்சம். ஒரு துளிக் காற்று மறுபக்கம் போகவில்லை.

அக்கா ஹோஸை வாங்கி விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. பிதுக்கினாள். செம்பு நிறத்தில் ஒரு குண்டு உருண்டு தரையில் விழுந்தது. காற்றுத் துப்பாக்கிக் குண்டு. அந்த வீட்டில் தோட்டத்து அணிலைச் சுடுகிறவர் ஒருத்தர்தான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இருமல் நின்றது இந்த டியூனிங்கால்தான். ஹோஸ் அடைத்தால் வால்வு திறக்காது, என்ஜின் புகையை விழுங்காது, இருமாது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முந்தின நாள் "உள்ள போங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று எங்களை விரட்டிவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டதும் இதை எடுக்கத்தான். டெஸ்ட் முடிந்ததும் திரும்ப வைத்திருக்கிறார்.

அக்கா குண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அத்தான் முன்னால் போய் நின்றாள். "யோவ்! என் பொழப்பே போகப் பாத்துச்சு. இத்தன நாளு பக்கத்துலயே நின்னியே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதுந்துரும்?"

அத்தான் குண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"ஹோஸுக்குள்ள."

"அட! எவனோ பலே கில்லாடி. வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாதே!"

பொய் சொன்னால் அத்தானுக்குக் காது சிவந்துவிடும். பார்த்தேன், சிவக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். குறடும் காபிக் கோப்பையும் எனக்கு ஞாபகம் வந்தன. அது சோம்பல் இல்லை, மறதி.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. வயரிங் படத்தை மடித்து வைத்தாள். பிறகு, "முன்னாடி இந்த வண்டிய வெச்சிருந்தவன் வேலையா இருக்கும்" என்றாள்.

மறுநாள் டெஸ்ட்டில் பாஸ். ஸ்டிக்கர் ஒட்டினாள், ரூட் தப்பியது. ஆனால் பழைய இருமல் திரும்பிவிட்டது. முதல் நாளே தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டியபடி வாசலில் வந்து நிறுத்தினாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். எழுந்து நேரே போய் பானெட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்தார். அத்தனை ஹோஸ்களுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடவே இல்லை. கை தானாகப் போயிற்று. பிடுங்கினார், குண்டை உள்ளே தள்ளினார், மாட்டினார். ஸ்பேனருக்கும் குறடுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்ற அதே மனுஷன்!

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார், யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்கிற மாதிரி.

அக்கா கத்தப்போகிறாள் என்று நான் பயந்துபோய் நின்றேன். எல்லாவற்றையும் சீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரு இருமல் இல்லாமல் ஓடியது.

அத்தான் என் பக்கம் குனிந்து, அவளுக்கும் கேட்கிற குரலிலேயே ரகசியம் சொன்னார். "வெர்லீன்கிட்ட மட்டும் சொல்லிறாத ட்வைலா. பாவம், அவளுக்குத் தோள் வலிக்குது. ஆனா இதெல்லாம் தெரிஞ்சா கைய ஒடிச்சிருவா."

"சொல்ல மாட்டேன் அத்தான்" என்றேன். அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. வண்டியை மட்டும் அணைக்காமல் ரொம்ப நேரம் ஓடவிட்டாள்.

அடுத்த டெஸ்ட்டுக்கு முன்னால் அந்தக் குண்டை எடுக்க வேண்டும். அத்தானுக்கு அதற்குள் ஹோஸ் என்றால் என்னவென்றே தெரியுமோ தெரியாதோ. அக்கா செத்தாலும் அதில் கை வைக்க மாட்டாள். ஆக, இந்தச் சனியன் பிடித்த ஜீப்பின் திருட்டு வேலையை ஞாபகம் வைத்திருக்க வேண்டியவள் இனிமேல் நான்.