ஆற்றங்கரையில் எள்ளுச் சோறு

கணேசலிங்கம் பாலை மணந்து பார்க்காமல் குடித்ததில்லை. எரிவாயு அடுப்பின் குழாயில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே தீக்குச்சி உரசுவார். கடல்கடந்து வந்து குடியேறிய செவன் ஹில்ஸில் தண்ணீர்க் குழாய் மூட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலையும் அதுதான். மற்றவர்கள் செய்து முடித்ததை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம். யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் இருந்தபோதும் ஒட்டிய முத்திரையை நகத்தால் நெருடிப் பார்க்கிற ஆள் என்று மனைவி சத்தியபாமா சொல்வாள்.

அவர் சந்தேகப்படாத ஒரே சீவன் பிறவுணி. தவிட்டு நிறம், ஒரு காது மடிந்தது. ரயில் நிலையத்திலிருந்து தானாகப் பின்னால் வந்த நாய். வாரம் முழுவதும் வீட்டுக்குப் பின்னால் சீமெந்து முற்றத்தில் கிடந்து, வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்காகத்தான் எழுபத்தாறாம் ஆண்டில், காரின் பின்னால் இழுத்துப் போகிற பழைய கரவன் வீடு ஒன்றை வாங்கினார். கடற்கரையோரத்தில் கரவன் நிறுத்தித் தங்கும் பூங்காக்கள் எல்லாவற்றிலும் வாசலிலேயே பலகை இருந்தது. நாய், பூனை கூடாது. நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வரலாமே என்று ஓரிடத்தில் சிரித்தபடி சொன்னார்கள்.

"பட்டினி போடுவாங்கள். போட்டிட்டு, வடிவாச் சாப்பிட்டதெண்டும் சொல்லுவாங்கள்," என்றார் கணேசலிங்கம், காரைத் திருப்பும்போது.

மட்ஜி என்ற ஊருக்கு அப்பால் ஓர் ஆற்று வளைவு இருப்பதாகத் தொழிற்சாலையில் ஒருவர் சொன்னார். கோர்டன் என்ற செம்மறிப் பண்ணைக்காரரின் நிலம். காசு வாங்க மாட்டார். குழாய் இல்லை, விளக்கு இல்லை, கக்கூசும் இல்லை. மண்வெட்டி கொண்டுபோக வேண்டும். வேலிப் படலையைச் சாத்த வேண்டும், நாயைக் கட்டி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"சும்மா தாறவன் என்னத்துக்குத் தாறான்?" என்று கணேசலிங்கம் வழிநெடுகக் கேட்டார்.

"உங்களுக்குத் தாறதெண்டால் யோசிச்சுத்தான் தருவான்," என்றாள் சத்தியபாமா. மடியில் கூடை. கூடைக்குள் அவள் வளர்த்த பூனை.

முதற்பயணத்தில் அவர் ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். முறிந்து விழுமோ என்று மரக்கிளைகளைத் தட்டிப் பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிறவுணி நீளமான கயிற்றில் ஆற்றுக்குள் இறங்கி, ஏறி, உடம்பைச் சிலிர்த்து, அவர் காற்சட்டையை நனைத்தது. பூனை கரவன் யன்னலில் இருந்தபடி தும்பிகளைப் பார்த்தது. அதன் பிறகு அடிக்கடி போனார்கள். கார் அந்த மண் பாதையில் திரும்பும்போதே பின் இருக்கையில் பிறவுணி முனக ஆரம்பித்துவிடும். நாயோடு போய்க் கிடக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

எழுபத்தேழாம் ஆண்டில் அவருக்கு ஏழரைச் சனி தொடங்கியது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் இருந்தார். எள்ளெண்ணெயில் விளக்கு எரித்து, எள் கலந்த சோற்றைக் காகத்துக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகே சாப்பிடுவார். செவன் ஹில்ஸில் குப்பை வாளிக்குப் பழகிய காகங்கள் இருந்தன. கூப்பிட முன்னமே வந்துவிடும். ஆற்றங்கரையில் காகம் வருமா என்று அவர் யோசிக்கவில்லை. சனிபகவானின் வாகனம் எங்கேயும் வரத்தான் வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வேலியோரம் இருந்த மரக்குற்றியின் மேல் ஒரு யூக்கலிப்டஸ் பட்டையை விரித்து, அதில் சோற்றை வைத்தார். "கா, கா" என்று கூப்பிட்டார். தூரத்தில் ஏதோ குழந்தை அழுவதுபோல ஒரு காகம் இழுத்துக் கத்தியது. வரவில்லை. ஆள் நிற்பதால் வரவில்லை போலும் என்று கரவனுக்குப் பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்தார். பூனை கூடைக்குள் சண்டித்தனம் பண்ணியது. உள்ளே போய் அதை அடக்கிவிட்டு வந்தபோது வேலிக்கு அப்பால் கோர்டனின் யூட் வண்டி நின்றது.

கோர்டன் குற்றியருகே நின்று ஒரு குச்சியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். வண்டியின் திறந்த பின்பக்கத்தில் அவருடைய பெட்டை நாய் எழுந்து நின்று மோப்பம் பிடித்தது.

"இருந்துகொள்," என்று அதை அதட்டினார். பிறகு கணேசலிங்கத்தைப் பார்த்தார். "இது என்ன?"

"சோறு."

"கறுப்பாக இருப்பது?"

"அது ஒரு விதை."

"யாருக்கு?"

"காகத்துக்கு."

கோர்டனின் முகம் சற்று இளகியது. "காகம் என்றால் நானே கொல்வேன். பிறந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைத்தான் முதலில் கொத்தும். ஆனால் நஞ்சு வைப்பதென்றால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். போன மாதம் யாரோ வைத்த நஞ்சைத் தின்று என் நாய்கள் இரண்டு செத்தன. இது ஒன்றுதான் மிச்சம்."

"நஞ்சு இல்லை. காகம் சாப்பிடுவதற்காக வைத்தது."

"காகம் சாப்பிடுவதற்கு." கோர்டன் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "எதற்கு?"

கணேசலிங்கம் யோசித்தார். "ஒரு கிரகம் இருக்கிறது," என்றார்.

கோர்டன் குச்சியைக் கீழே போட்டார். "நீ ஒளிந்து நின்று பார்த்ததை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். நல்ல சோறென்றால் ஒரு வாய் சாப்பிடு, நண்பா."

சாப்பிட முடியாது. அது காகத்துக்கென்று வைத்தது. அது தொடாமல் அவர் வாயில் ஒரு பருக்கையும் படக்கூடாது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் பொய் போலவே இருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. "என்னால் முடியாது," என்றார்.

"அப்படியென்றால் உன் நாய்க்குக் கொடு."

பிறவுணி கயிற்றின் எல்லைவரை வந்து வாலை ஆட்டியது. கணேசலிங்கம் சோற்றைப் பார்த்தார். தான் உள்ளே போயிருந்தபோது இந்த மனிதர் இங்கே தனியாக நின்றிருக்கிறார். கையில் குச்சி. அந்தக் குச்சி முன்பு எதைக் கிளறியதோ. நாய் செத்த கோபம் வேறு. "இல்லை!" என்று கத்திவிட்டார்.

கோர்டன் தலையை ஆட்டினார். "பொழுதுபடுவதற்குள் போய்விடு. இனி இந்தப் படலைப் பக்கம் வராதே."

சத்தியபாமா அகப்பையோடு இறங்கி வந்தாள். "என்னவாம்?"

"சோத்துக்க நஞ்சாம். போகட்டாம். இனி வரவும் கூடாதாம்."

"அப்ப சாப்பிட்டுக் காட்டுங்கோவன்."

"காகத்துக்கு வைச்சது, பாமா."

"எந்தக் காகம்? அது உங்களைப் போல. சும்மா வைச்சிருக்கெண்டு சந்தேகப்பட்டு வராமல் நிக்குது. பிறவுணிக்காவது குடுத்திருக்கலாமே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இவர் ஏதும் போட்டிருப்பார். நான் உள்ளுக்கை நிண்டனான்."

சத்தியபாமா கணவனைப் பார்த்தாள். கோர்டனைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்ல சோடி," என்றுவிட்டுச் சோற்றின் பக்கம் திரும்பினாள்.

"எடாதையும். சொன்னால் கேளும்."

"எனக்குச் சனியும் இல்லை, விரதமும் இல்லை." குற்றியடிக்குப் போய் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். "உப்புக் காணாது." இரண்டாவது பிடியும் எடுத்தாள். மூன்றாவதைக் கோர்டனுக்கு நேரே நீட்டி, ஆங்கிலத்தில், "நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்கள்," என்றாள். கோர்டன் ஓர் அடி பின்னால் வைத்தார்.

அவள் அதையும் தின்றாள். கையைக் கழுவிவிட்டு, கரவன் வாசலில் கதிரையைப் போட்டு, கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தாள்.

கோர்டன் போகவில்லை. வண்டியில் சாய்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார். கணேசலிங்கமும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இருவரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஒருமுறை இருமியபோது இருவரும் நிமிர்ந்தார்கள். கோர்டன் இன்னொரு சிகரெட் எடுத்தார்.

"வேலை வெட்டி இல்லையோ ஒருத்தருக்கும்?" என்றாள் சத்தியபாமா, கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் கோர்டன் வேலிக்குக் கிட்ட வந்தார். "சரி, இருங்கள். எப்போதும் போல வாருங்கள். ஆனால் என் நிலத்தில் காகத்துக்குச் சோறு வைக்கக் கூடாது. இன்றைக்கும் இல்லை, இனி எப்போதும் இல்லை. குட்டிகள் இருக்கின்றன."

கணேசலிங்கம் குற்றியில் இருந்த சோற்றைப் பார்த்தார். புரட்டாதியில் இன்னும் சனிக்கிழமைகள் இருந்தன. ஏழரையில் இன்னும் ஆண்டுகள் இருந்தன. பிறவுணி தண்ணீர் ஓரம் கயிறு விறைக்க நின்று, மிதந்துபோன எதையோ பார்த்துக் குரைத்தது.

"ஓகே," என்றார்.

வண்டி மேடேறி மறைந்தது. சத்தியபாமா மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, மிச்சச் சோற்றைப் பட்டையோடு அதில் போட்டு மண்ணால் மூடினாள். அவர் கரவனுக்குள் வந்து கதவைச் சாத்தினார். யன்னல் சீலையையும் இழுத்துவிட்டார்.

"ஆர் பாக்கிறதெண்டு பூட்டுறியள்? கோர்டனோ, சனியனோ?"

"கதையாமல் சோத்தைப் போடும்."

போட்டாள். காகம் வாய் வைக்காத சோற்றில் அவர் கை வைக்கவில்லை.

"உமக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லை."

"வயித்துக்கை எரிவு கிரிவு?"

"இல்லையெண்டுறன்."

"நாக்கை நீட்டும் பாப்பம்."

அவள் நீட்டினாள். அவர் சீலையைக் கொஞ்சம் விலக்கி, வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு சோற்றுக் கோப்பையை அருகே இழுத்துப் பிசைந்தார்.