கூடுதல் சாவுகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அறுபது நாடுகளின் பெருந்தொற்றுக் கணக்குகளை ஒரே அட்டவணையில் சேர்ப்பது அவள் வேலை. எந்த நாடு எப்போது பள்ளிகளை மூடியது, முகக்கவசத்தைப் பரிந்துரைத்ததோடு விட்டதா, உத்தரவே போட்டதா, வாரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று எல்லாவற்றையும் சலித்துத்தான் உள்ளே விடுவாள்.

சொந்த நாட்டின் முறை வந்தபோது துறைத்தலைவர் அவள் மேசைக்கே வந்தார்.

"இதை வேற யாருக்காவது கொடுத்துடட்டுமா?"

"வேண்டாம் சார். நானே பாத்துக்கிறேன்."

பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் அந்தத் தொற்றில்தான் போனான். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிசோதனைக்கு ஆள் வருவதற்குள் வீட்டுக் கூடத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. அந்த வாரத்துக்கான எண்ணையும் அவள் மற்ற எண்களைப் போலவே உள்ளிட்டாள். பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே நாடு எண்ணியிருந்தது. அதில் அவன் இல்லை. மனசு ஏதாவது செய்யும் என்று சற்று நேரம் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. போய் டீ குடித்துவிட்டு வந்து அடுத்த வாரத்தைத் தொடங்கினாள்.

நாத்தனார் அவளோடுதான் இருந்தாள். சாப்பிடும்போது கேட்டாள்.

"அண்ணன் அந்தக் கணக்குல இருக்கானா அண்ணி?"

"இல்ல. டெஸ்ட் எடுக்காதவங்களைச் சேக்கல."

"அப்போ எங்கண்ணன் காத்து வாங்கப் போயிருக்கானா?"

அதன்பிறகு பல நாள் நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சல்லடை துறைத்தலைவரிடம் போனாள். "எல்லா நாட்டுக்கும் இன்னொரு கணக்கு சேக்கணும் சார். காரணம் எதுவா இருந்தாலும் சரி, வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலா செத்தாங்கன்னு."

"பாதி நாட்டுல அந்த விவரமே கிடைக்காதும்மா."

"கிடைக்கிற வரைக்கும் சேப்போம்."

கோபத்தில் சொல்கிறாளா, துக்கத்தில் சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும்தான். மாதக்கணக்கில் நாடு நாடாக இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கு எழுதினாள். சிலர் அனுப்பினார்கள், சிலர் கையை விரித்தார்கள். சில நாடுகளில் கூடுதல் சாவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிலவற்றில் அறிவித்ததைப் போலப் பல மடங்கு. சொந்த நாட்டுக்கு ஒரே எண்ணாக வரவில்லை. இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்றுதான் போட முடிந்தது.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் சொன்னாள்.

"உங்கண்ணன் இப்போ கணக்குல இருக்காரு. எத்தனாவது ஆள்னு சொல்ல முடியாது. எல்லாம் குத்துமதிப்புதான்."

"உயிரோட இருக்கும்போதும் அவன் குத்துமதிப்பாத்தானே வீட்டுக்கு வருவான்," என்றாள் நாத்தனார். சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட, ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சல்லடைக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாத்தனாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தாள். விளக்கேற்றும் நேரம் தாண்டியும் தூங்கினாள். நாத்தனார் எழுப்பவில்லை.