சீல் பிரியாத எடை மெஷின்

வடகரை அங்கன்வாடிச் சுவரில் ஸ்ரீவித்யா டீச்சரின் சான்றிதழ்கள் ஏழு தொங்குகின்றன. ஊட்டச்சத்துப் பயிற்சி, விளையாட்டு வழிக் கல்வி, இன்னும் என்னென்னவோ. பிள்ளையின் மூக்கைத் துடைக்க மட்டும் யாரும் சான்றிதழ் தருவதில்லை போலும். அந்த வேலை பன்னிரண்டு வருஷமாக உதவியாளர் நாச்சியார் தலையில். டீச்சர் தென்காசியிலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் பிள்ளைகள் அழுது, சிரித்து, கால் கழுவி, பாட்டும் பாடி முடித்திருப்பார்கள்.

நாச்சியாருக்கும் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்காகவே முப்பத்தெட்டு வயதில் தனித்தேர்வு எழுதினாள். கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை பத்தாம் வகுப்பு தேறினாள். பக்கத்து மையத்தில் இடம் காலியாக இருந்தது. விண்ணப்பத்தில் டீச்சரின் பரிந்துரைக் கையெழுத்துதான் பாக்கி. "நாளைக்குப் போடுதேன்" என்று சொல்லியே மகராசி ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் எடை பார்க்கும் லட்சணம் இருக்கிறதே! செல்போனில் ஆப்பைத் திறப்பாள். போன மாத எடையோடு பிள்ளைக்கு இருநூறு கிராம் கூட்டுவாள். நாற்காலியை விட்டு எழுந்திரிக்க வேண்டாம். புது மெஷின் பீரோ மேல் சீல் பிரியாமல் கிடந்தது. மூன்று வயது நிலோபருக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் ஆப்பில் அவள் கொழுகொழுவென்று இருந்தாள். மெலிந்த பிள்ளைகளுக்குத் தரும் கூடுதல் சத்துமாவு அதனால் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் மேலதிகாரி அம்மா சோதனைக்கு வந்தார். ஆப்பைப் புரட்டினார்.

"ஹுஸைஃபா நல்லா எடை கூடியிருக்கானே. கூப்பிடுங்க பார்ப்போம்."

ஹுஸைஃபா தாயோடு துபாய் போய் மூன்று மாதம். அங்கே இருந்துகொண்டே வடகரையில் அறுநூறு கிராம் ஏறியிருந்தான்.

டீச்சர் அசரவில்லை. "எடையெல்லாம் ஆயாதான் மேடம் பார்க்கும். தப்பாச் சொல்லியிருக்கும்." பிறகு நாச்சியாரின் காதோரம் குனிந்தாள். "ஆமான்னு சொல்லிருங்கக்கா. இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

ஒரு 'ஆமாம்' போதும், நாச்சியாரும் டீச்சர். சுவரோரம் நிலோபர் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

நாச்சியார் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினாள்.

"நான் எடை பார்த்த மெஷின் இதுதான் மேடம். சீலை நீங்களே பிரிங்க."

டீச்சருக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? எடை பார்க்க மூன்று நாள் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழ். நாச்சியாரின் விண்ணப்பத்தில் கையெழுத்து விழவேயில்லை. கடைசித் தேதி போயிற்று, காலி இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

எட்டாவது சான்றிதழோடு டீச்சர் வந்து நின்றாள். "ஆயா, இதை மாட்டுங்க."

"ஆணி தீந்துட்டு டீச்சர்."

நாச்சியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலோபரைத் தூக்கி மெஷினில் நிறுத்தினாள்.

"ஒம்பது கிலோ எண்ணூறு. அப்படியே எழுதுங்க டீச்சர். கூட்டிராதீங்க."