கோட்டைக்குப் போன ஒற்றைச் சவாரி

மணி நான்கைத் தாண்டியும் அவர் மலையிலிருந்து இறங்கவில்லை. மூன்று மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர். காட்டு வழி என்பதால், இருட்டிவிட்டால் திம்பம் செக்போஸ்ட்டில் வண்டியை விடமாட்டார்கள். போன் போட்டேன். டவர் இல்லை.

கோவை காந்திபுரத்தில் டாக்ஸி ஓட்டத் தொடங்கி முப்பது வருடம் நெருங்குகிறது. ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை எல்லாம் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அங்கங்கே இருக்கும் பார்க்கிங் மட்டும். பார்ட்டியை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்து, அவர்கள் வரும்வரை படுத்திருப்பதற்கு வெயிட்டிங் என்று பெயர். ஓட்டுவதைவிட இந்தத் தொழிலில் அதுதான் அதிகம். புதிதாக வரும் தம்பிகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அன்றைய பார்ட்டி ஒரே ஆள். பழனிசாமி என்று பெயர், மில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். காரமடையில் ஏறினார். சத்தியமங்கலம் தாண்டி, மலையேறி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு விடச் சொன்னார். ஊருக்குப் பின்னால் ஒரு கரடு, பாறைக் குன்று. உச்சியில் மைசூர் ராஜாக்கள் காலத்துக் கோட்டை இருக்கிறது என்றார்கள். போர்டு கிடையாது, டிக்கெட் கிடையாது. வழிநெடுக அவர் பேசவில்லை. பார்ட்டி பேசாமல் நான் பேசுவதில்லை.

வண்டியை நிறுத்தியிருந்த இடத்துப் பெட்டிக்கடைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு இன்னும் எறங்கலீங்ளே. மேல மோடம் கட்டுது, மழ வந்துரும். போயிப் பாருங்க."

வண்டியைப் பூட்டிவிட்டு, போட்டிருந்த செருப்போடு ஏறினேன். பாதி தூரத்துக்குக் கல்படி, அப்புறம் வெறும் முள்ளு. மேலே போனால் ஆள் உயரத்துக்குச் சரிந்து நிற்கும் மதில். அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை, வேறொன்றும் இல்லை. நான் வெயிட்டிங்கில் இருக்கும்போது என் பார்ட்டிகள் பார்க்கப் போவது இதைத்தானா என்று நின்றுவிட்டேன். காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. பயமாக இருந்தது.

"ஏனுங்கய்யா! எங்கிருக்கீங்க?"

இரண்டாவது முறை கத்தியதும் மதிலுக்கு உள்ளிருந்து இருமல் கேட்டது. வற்றிப்போன ஒரு சுனையின் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"கால் பெரண்டு போச்சுங்க. அப்பவே உக்காந்துட்டேன்."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லீங்க? ஊருக்குள்ள யாருக்காச்சும் கேட்டிருக்குமே."

"போடலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றார். "உங்க பேரு தெரியலீங்க. காலைல இருந்து கூட வாரீங்க, கேக்கவே இல்ல. சரி, வேற யாரக் கூப்பிடறதுன்னு யோசிச்சேன். ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரலீங்க."

அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன்.

"சுப்பிரமணிங்க" என்றேன். "தோளப் புடிச்சுக்கங்க. மெதுவா எறங்கலாம்."

முள்ளு வந்த இடத்தில் அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்தார். கல்படி வந்ததும், நான் கேட்காமலே பேசத் தொடங்கினார். "சம்சாரம் போனதுக்கப்புறம் ஒருக்கா ஊட்டி போனனுங்க. அங்க எல்லாம் குடும்பம் குடும்பமா நிக்கறாங்க. என் கையில போனக் குடுத்து, ஒரு போட்டோ எடுங்கங்கறாங்க. அதுக்குத்தான் இந்த மாதிரி ஆளில்லாத எடமாத் தேடிப் போறது. இங்கெல்லாம் தனியா இருக்கறது தெரியாது பாருங்க."

அப்படி நானும் எத்தனையோ குடும்பங்களைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அடைப்பதற்கு முன்னால் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டோம். சத்தியமங்கலத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. காரமடையில் அவர் சாவியைத் தேடி எடுத்து, பூட்டைத் திறந்து, உள்ளே போய் லைட்டைப் போடும்வரை வாசலில் நின்றேன். "வாரேனுங்க" என்றேன். "சரிங்க சுப்பிரமணி" என்றார்.

கால் சரியான பிறகு இரண்டு டிரிப் வந்தார். இரண்டுக்கும் நானும் கூட ஏறினேன். அப்புறம் வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு அழைத்துப் போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

தம்பிகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சவாரி ஏறியதும் கிலோமீட்டர் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஆள் தனியாக வந்திருந்தால், மேலே நானும் வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.