குச்சிக்கிழங்குக் காட்டில் விழுந்த மடிப்பு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவின் பனி ஓட்டில் மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கிறேன் என்பேன். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் எளிதுதான். அந்த நிலவில் மேலே இறுகிய பனி, கீழே அத்தனை குளிரில்லாத, மிக மெதுவாக நகரும் பனி. ஓரிடத்தில் ஓடு பிளந்து விலகினால், விலகிய அளவுக்கு இன்னோரிடம் நெருக்கப்பட வேண்டும். நெருக்கப்பட்ட இடம், கரண்டியால் ஒதுக்கிய பாலாடை மாதிரி மடியும். பிளவுகள் படத்தில் பளிச்சென்று தெரியும். மடிப்புகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. சட்டென்று கண்ணில் படாது. அவற்றைத்தான் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊராட்சியில், ஒரு சரிவின் நடுவில். மேலே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கீழே குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். மழை இறக்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் செய்யாதவனைச் சோம்பேறி என்பார்கள். அப்பாவை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. காட்டின் அடியில் வருடாவருடம் புடைக்கும் மேட்டை வெட்டி, வீட்டுக்கு மேலே வருடாவருடம் வாய் திறக்கும் வெடிப்பில் போட்டு மிதித்துவிடுவார். லீவுக்கு வரும்போதெல்லாம் நானும் சுமந்திருக்கிறேன். தலையில் மண்கூடை, மண்டைக்குள் யூரோப்பா.

போன புரட்டாசியில் வந்தபோது அப்பா, "இந்த வருசம் மேடு ரெண்டா வந்திருக்குது கண்ணு, மம்பட்டிய எடுத்துட்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். சரிவுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, இரண்டு மேடுகள். மழையில் வந்த மண் அப்படி வரிசை கட்டி நிற்காது; நெருக்கப்பட்டு மடிந்த மண்தான் நிற்கும். மேலே ஓடி வெடிப்புக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. சரிவு மொத்தமும், எங்கள் வீட்டோடு, கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அடியில் அதைத் தாங்கிய மண்ணை நாங்கள் வெட்டி எடுத்து, மேலே பாரமாக ஏற்றியிருக்கிறோம்.

கீழே வந்து, சரிவே நகர்கிறது என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது. "அக்கா ஊடு அடிவாரத்துல காளப்பநாயக்கன்பட்டிலதான இருக்குது. மழைக்கு முந்திப் போயிரலாமுங்க" என்றார். அப்பா காதில் வாங்காமல் மேட்டை வெட்டக் குனிந்தார். நான் பொறுமையிழந்து கத்திவிட்டேன். "அத வெட்டாதீங்கப்பா! வெட்டி வெட்டி மேல போட்டதாலதான் ஊடு இறங்குது!"

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தன நாளா நாந்தான் ஊட்டத் தள்ளிட்டு இருந்தேனா சாமி?"

மழைதான் காரணம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு அந்தப் பொய் பிடிக்காது. "நாம ரெண்டு பேருமுங்கப்பா. நானுந்தான சுமந்தேன்" என்றேன். அவரே போய் லாரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை லாரி வந்தது.

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "இந்த மடிப்பத்தான் நீ படிக்கறதா உங்கம்மா சொன்னா."

"ஆமாங்கப்பா."

"இத்தன வருசமா நீ எங்க கண்ணு பாத்துட்டு இருந்தே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.