கொத்தனார் கக்கூஸும் பொதுவுடைமையும்

கொத்தனார் தன் ஆயுசில் கட்டிய கக்கூஸ்களுக்குக் கணக்கே கிடையாது. பளிங்கு பதித்தது, வெந்நீர் வருவது, கதவைத் திறந்தாலே விளக்கு எரிவது என்று ஊராருக்கெல்லாம் கட்டிக்கொடுத்த மனுஷன், மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த பொதுக் கக்கூஸில்தான் வாளியோடு நின்றார். போன வருஷம்தான் ஒரு வழியாகத் தன் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஒன்று கட்டினார். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய ஓடுகளை ஒட்டியதால் ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் பச்சை, ஒரு மூலையில் பாதித் திராட்சைக் கொத்து. தாழ்ப்பாள் மட்டும் புதுசு. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் ஆளுக்கு மகாராஜா நினைப்பு.

அந்த ராஜ்யம் நிலைக்கவில்லை. மழையில் பொதுக் கக்கூஸ் இடிந்து விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து பாஸ்டர், ஆதியில் விசுவாசிகள் தங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பொதுவில் அனுபவித்தார்கள் என்று உருக்கமாகப் பிரசங்கம் பண்ணினார். கொத்தனார் பெண்டாட்டி வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பாவம்ங்க, ஜனங்க எங்க போகும்?"

அதில் கொத்தனாருக்கு மறுப்பில்லை. வில்லங்கம் மச்சினன் ரூபத்தில் வந்தது. அவன் யூனியனில் பேச்சாளன். பேச்சு அங்கே, சாப்பாடு அக்கா வீட்டில்.

"அக்கா, நீ ஏதோ தானம் பண்றாப்ல நிக்காத. இது அவங்க உரிமை. யாரும் உனக்கு நன்றி சொல்ல வேணாம்."

"எனக்கு எதுக்கு? கர்த்தருக்குச் சொல்லட்டும்."

"கர்த்தரா வந்து குழி வெட்டினாரு?"

"நீயா வெட்டின?"

வெட்டினவர் ஒரு ஓரமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

சண்டை வரிசையில் வந்து முட்டியது. கடைசியில் நிற்பவன்தான் முதலில் போகணும், வேதத்தில் அப்படித்தான் என்றாள் அக்கா. அப்புறம் எவன் முன்னால் நிற்பான்? பக்கத்து வீட்டு டெய்லர் பின்னால் நகர, அவருக்கும் பின்னால் வாட்ச்மேன் நகர, வரிசை பின்னோக்கியே ஊர்ந்து தெருவுக்குப் போய்விட்டது. உடனே தம்பி, யாருக்குத் தேவை அதிகமோ அவனுக்கே முதலிடம் என்று சட்டம் போட்டான். மறுநாளிலிருந்து ஆளாளுக்கு நடிப்பு. டெய்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வாட்ச்மேன் கண்ணைச் செருகினார். தம்பி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூஞ்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்.

ஒருநாள் காலையில் கொத்தனாருக்கு நிஜமாகவே முட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள், அவர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலம் வேலையைக் காட்டிவிட்டது. உள்ளே வாட்ச்மேன். தெருமுனையில் வேலைக்குக் கூட்டிப்போகும் லாரி வேறு ஹாரன் அடிக்கிறது. அதை விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு.

"மாப்ள, அடுத்து என்ன விடுறா. அவசரம்."

"மாமா, நீங்க சொத்துக்காரரு. உங்க அவசரத்த நம்ப முடியாது."

"ஏங்க, கடைசில போய் நில்லுங்க. நான் கூப்புடுறேன்," என்றாள் பெண்டாட்டி, தன் வேதத்தை விடாமல்.

போய் நின்றார். டெய்லர் ஓடிவந்து அவருக்குப் பின்னால் நின்று இளித்தார். கொத்தனாருக்கு நெற்றி வியர்த்தது, கால் கட்டைவிரல் சுருண்டது.

அந்த நேரம் ஸ்டூலில் இருந்தவன் முகம் கோணியது. பொட்டலத்தில் பாதியை முழுங்கியவன் அவன்தானே! வாட்ச்மேன் வெளியே வந்ததுதான் தாமதம், கதவுக்குப் பாய்ந்தான். அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"எங்கடா போற?"

"கடைசியா எந்திரிச்சு வந்தவன் நான்தான அக்கா? உன் வேதப்படி நான்தான் முதல்ல."

"அதெப்படி? தேவை இருக்கான்னு பாக்க வேணாமா? மூஞ்சியக் காட்டு."

"கொஞ்சம் இரக்கம் காட்டு அக்கா!"

"இரக்கமா? உரிமைன்னியே? உங்க யூனியன் மாதிரி கமிட்டி கூடட்டும்."

"மூஞ்சி பத்தாதுங்க," என்றார் டெய்லர்.

வேடிக்கை பார்க்க எல்லாரும் முண்டியடித்த கூட்டத்தில், கொத்தனார், பெண்டாட்டியின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

லாரி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. போனால் போகட்டும் என்று திராட்சைக் கொத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே அக்காளும் தம்பியும் முதல்முறையாக ஒரே கட்சியாகிக் கதவை இடித்தார்கள்.

"மாமா, இது அநியாயம்!"

"ஆமாங்க, இது அநியாயம்ங்க!"

"இப்பத்தான் ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கீங்க," என்றார் கொத்தனார் உள்ளேயிருந்து. "நான் வெளிய வந்து அதக் கெடுக்க மாட்டேன்."