கொசுறாகக் கிடைத்த நிலம்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் நானும் என் வீட்டுக்காரரும் பூச்செடிப் பண்ணை நடத்துகிறோம். அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலம். எங்கள் செடிகளுக்கு வேண்டியதுபோகப் பின்பக்கத்து மூலை கொசுறு மாதிரி மிஞ்சியது. லாலாங் புல் மண்டி, மழை பெய்தால் சேறாகி, பாம்புக்கு மட்டுமே பயன்பட்ட மூலை அது. தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அதை உள்குத்தகைக்குக் கேட்டார். சும்மா கிடக்கிற இடத்துக்கு மாதாமாதம் காசு என்றால் கசக்குமா? எழுத்து எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. வாய்ப்பேச்சுதான்.

அவர் தன் செலவில் லாரி லாரியாக நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார். பாத்தி கட்டிக் கீரை போட்டார், வேலியோரம் கறிவேப்பிலை வைத்தார். அடுத்த வருடம் மூலை முழுக்கப் பச்சை. காலையில் அவருடைய வேன் நிறைந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன். உண்மையில் பாய் பிடுங்கியது புல்லை மட்டும்தான்.

வாடகையை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். மண்ணுக்குப் போட்ட காசு கைக்கு வரட்டும், பிறகு ஏற்றித் தருகிறேன் என்றார். நிலம் எங்களுடையது என்றேன் நான். அவர் பழைய வாடகையையே நாள் தவறாமல் கொடுத்துவந்தார். அந்த ஒழுங்குதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

தண்ணீர்க் குழாயின் திருகு எங்கள் பக்கம் இருந்தது. மழையே இல்லாத ஒரு வாரத்தில் அதை மூடிவிட்டு, பம்பு ரிப்பேர் என்று அவரிடம் பொய் சொன்னேன். ஆளோடு சண்டை போடு, தண்ணீரில் கை வைக்காதே என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. பாய் வேனில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து கறிவேப்பிலையைக் காப்பாற்றினார். கீரை மொத்தமும் தலை சாய்ந்துவிட்டது.

அன்று வந்து குழாயருகே நின்றார். பம்பு ஓடும் சத்தம் அவருக்கும் கேட்டது.

“வாடகைச் சண்டை நமக்குள்ளதானே அக்கா, பேசித் தீர்த்துக்கலாம் லா. இந்தச் செடி என்ன பண்ணுச்சு?”

அப்போதாவது திறந்திருக்கலாம். வீம்பு விடவில்லை. மாதக் கடைசியில் வாடகையை முழுசாகக் கொடுத்துவிட்டுக் காலி செய்தார். மண்ணை அப்படியே விட்டுப் போனார். அதில் இப்போது லாலாங் முன்னைவிடச் செழிப்பாக வளர்கிறது. அந்தப் பக்கம் போகவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் அவர் கடைக்குத்தான் போகிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போய், கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். “வாங்கக்கா” என்பார். சொத்தை இல்லாமல் பொறுக்கித் தருவார், எடையும் சரியாக இருக்கும். கறிவேப்பிலை இப்போது அவருக்கு மலேசியாவிலிருந்து விலைக்கு வருகிறது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாருடைய பையிலும், கேட்காமலே, ஒரு கொத்து கொசுறாகப் போடுகிறார். அது என்ன இலை என்றே தெரியாத வெள்ளைக்காரப் பெண்ணுக்குக்கூடப் போட்டார்.

என் பையில் மட்டும் போடுவதில்லை.

போன வாரம் பையின் வாயைச் சற்று நேரம் விரித்தே பிடித்திருந்தேன். பாய் நிமிர்ந்து பார்த்து, “வேற ஏதாச்சும் வேணுமா அக்கா?” என்றார்.

“இல்ல பாய், போதும்” என்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.